பதினைந்து பேரில் ஒருத்தி

போன நவம்பரில் ஓர் இரவு, பதினோரு மணிக்கு மேல், எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மதிப்பெண் பட்டியலின் படம் வந்தது. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, கிளாஸ்ல பேசலன்னா மார்க் கொறைப்பாங்களா?"

அனுப்பியவர் எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் வளர்ந்த பெண். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முழு உதவித்தொகை கிடைத்து, வெளிமாநிலத்தில் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அவரை ரயிலேற்றி விட்ட அன்று அவருடைய அம்மாவைவிட நாங்கள்தான் அதிகம் அழுதோம் என்று இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

பட்டியலைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் பருவத்துச் செமினார் பாடம். கட்டுரைகளுக்கு 40க்கு 34. வாசிப்புக் குறிப்புகளுக்கு 30க்கு 26. வகுப்புப் பங்கேற்புக்கு 30க்கு 9. பேராசிரியரின் குறிப்பு அன்பாகவே இருந்தது: நல்ல சிந்தனை, எழுத்தில் தெரிகிறது, ஆனால் வகுப்பில் இன்னும் பேச வேண்டும், உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் பயன்படும்.

அந்த 9 சாதாரண எண் இல்லை. சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏற வேண்டியதுதான். எழுதிச் சம்பாதித்ததைப் பேசாமல் இழந்துகொண்டிருந்தார்.

தோழர்களே, இந்தச் செமினார் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் நம் ஊர்க் கல்லூரிகளில் 'செமினார்' என்றால் வேறு பொருள். ஒரு மாணவர் எழுந்து போய் கைடு புத்தகத்திலிருந்து நான்கு பக்கத்தை ஒப்பிப்பார், மற்ற அறுபது பேரும் செல்போன் பார்ப்பார்கள், இன்டர்னல் மதிப்பெண்ணில் ஐந்து சேரும். நாங்களும் அப்படித்தான் எம்.ஏ. சமூகவியல் முடித்தோம். நாங்கள் இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை.

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளிலிருந்து வந்த வழக்கம் இது. கல்லூரிக்குள் நுழைந்த முதல் பருவத்திலேயே பன்னிரண்டு முதல் பதினாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒரு பேராசிரியர். ஒரு கேள்வி. அதைச் சுற்றி வாசிப்பு, விவாதம், கட்டுரை. ஹார்வர்டில் 1959இல் போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் கொடுத்த பணத்தில் முதலாண்டு செமினார்கள் தொடங்கின. இன்று ஆம்ஹெர்ஸ்ட் போன்ற கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் எல்லோரும் இதைப் படித்தே ஆக வேண்டும். இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்த தனியார் பல்கலைக்கழகங்கள் சில இதையே தங்கள் பெருமையாக விளம்பரப்படுத்துகின்றன. இங்கே உங்கள் பிள்ளை எண் இல்லை, ஒரு பெயர் என்கிறார்கள். விடுதிச் செலவும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நாங்கள் இதை எள்ளி நகையாடவில்லை. இது நல்ல கல்வி. எழுபது பேர் அடைந்த வகுப்பில் மூன்று ஆண்டு உட்கார்ந்து, ஒரு ஆசிரியருக்குக்கூடத் தன் பெயர் தெரியாமலே பட்டம் வாங்கி வெளியே வருகிற நம் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதிய ஒரு கட்டுரையை ஒருவர் முழுதாகப் படித்து, 'இந்த இடத்தில் உன் வாதம் உடைகிறது' என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அவர்கள் வாழ்க்கையே வேறாகியிருக்கும். ஆகவே சின்ன வகுப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. சின்ன வகுப்புக்குள் யார் எத்தனை பேர் உட்காருகிறார்கள், அங்கே எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுதான் எங்கள் சண்டை.

எண்ணிக்கையில் தொடங்குவோம்.

2025 ஆகஸ்டில் திக்விஜய் சிங் தலைமையிலான கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஓர் அறிக்கை வைத்தது. உயர்சிறப்புத் தகுதி பெற்ற தனியார் நிறுவனங்கள் மூன்றின் மாணவர் கணக்கை அது எடுத்துப் பார்த்தது. பட்டியல் சாதி மாணவர்களின் பங்கு அரை சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதம் வரைதான் இருந்தது. இந்திய மக்கள்தொகையில் நாம் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 சதவீதம். தமிழ்நாட்டில் 20 சதவீதம்.

இப்போது இந்த ஒரு சதவீதத்தைப் பதினைந்து பேர் வகுப்பாகப் பிரித்துப் பாருங்கள். ஆறேழு வகுப்புகளுக்கு ஒரு தலித் மாணவர் வருவார். ஐந்தாறு மேசைகளில் சாதி பற்றி விவாதம் நடக்கும்போது அதை அனுபவித்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஏழாவது மேசையில் ஒருவர் இருப்பார், தனியாக. பதினைந்துக்கு 16.6 சதவீதம் என்று போட்டால் அதே மேசையில் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். நம்மிலேயே பறையரும் அருந்ததியரும் ஒரே மாதிரி பேச மாட்டோம், கிராமத்துப் பெண்ணும் சென்னைப் பையனும் ஒரே மாதிரி பேச மாட்டோம். அப்போதுதான் மற்ற பன்னிரண்டு பேருக்கும் 'தலித்' என்பது ஒரு மாதிரி உருப்படி இல்லை, வாதாடுகிற மனிதர்கள் என்று உறைக்கும்.

பெரிய வகுப்பில் தனியாக இருப்பது ஒரு வகை. அங்கே கடைசி பெஞ்ச் உண்டு. நம்மில் பலருக்குக் கடைசி பெஞ்ச் ஒரு தண்டனை, ஒரு புகலிடமும்கூட. அங்கே உட்கார்ந்து யார் கண்ணிலும் படாமல் மூச்சு விடலாம். வட்ட மேசையில் கடைசி பெஞ்ச் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். எண்ணிக்கையை ஒழுங்கு செய்யாமல் வகுப்பை மட்டும் சுருக்கினால், தனியாக இருப்பவரின் தனிமைதான் பெருகும். இந்தக் கணக்கை இந்தக் கல்லூரிகள் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். பாடம், சமத்துவம் பற்றியது. ஏழாவது வாரம் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. அவர் அதைத் தமிழில் பத்தாம் வகுப்பிலேயே எங்கள் படிப்பகத்தில் படித்தவர். அன்று இரண்டு பக்கக் குறிப்போடு போனார். அதில் ஒரு கேள்வி இருந்தது. லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் 1936இல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் அச்சுப்படியைப் பார்த்ததும் சிலவற்றை மாற்றச் சொன்னது. அவர் ஒரு வரியையும் மாற்ற மறுத்தார், மாநாடே ரத்தானது. அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டு அந்த உரையை வெளியிட்டார். அந்தப் பெண்ணின் கேள்வி: பேச அழைக்கிறவர்களே எதைப் பேசலாம் என்றும் தீர்மானித்தால், அந்த அழைப்புக்கு என்ன பெயர்?

இது எவ்வளவு கூர்மையான கேள்வி என்று யோசியுங்கள். ஒரு பருவம் முழுக்க விவாதிக்கலாம்.

வகுப்பு தொடங்கியது. ஒரு பையன் எங்கள் வீட்டில் சாதி பற்றிப் பேசியதே இல்லை என்றான். இன்னொருத்தி நகரங்களில் இப்போது வர்க்கம்தான் என்றாள். ஒரு பேச்சின் வாலைப் பிடித்து அடுத்த பேச்சு. சர்வதேசப் பள்ளிகளில் விவாத மன்றத்தில் வளர்ந்த பிள்ளைகள், காற்றில் பந்து விழாமல் தட்டுகிற மாதிரி பேசினார்கள். இந்தப் பெண் தன் கேள்வியைத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் கோத்து, கால வினையைச் சரிபார்த்து, வாயைத் திறக்கப் போகும்போது பேச்சு மூன்று பேரைத் தாண்டி வேறெங்கோ போயிருந்தது. அப்போது பேராசிரியர், உதவுகிற எண்ணத்தில்தான், அவர் பக்கம் திரும்பி, "உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். பதினான்கு முகங்களும் திரும்பின.

"எங்க ஊர்லயும் இருக்கு" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் யார், என்ன சாதி என்று அவர் சொல்லாமலே வகுப்புக்குத் தெரிந்துபோனது. உதவித்தொகைப் பிள்ளைகள் யார் என்று வேறு எப்படியெல்லாமோ தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் அவர் பேசவில்லை. இரண்டு பக்கக் குறிப்பு பைக்குள்ளேயே இருந்தது.

பேராசிரியரைக் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதித் திமிர் பிடித்த ஆளாக இருந்தால் சண்டை போடுவது எளிது. நல்ல எண்ணம் உள்ளவர்கள் செய்வதுதான் நமக்குச் சிக்கல். அவர் அந்தப் பெண்ணிடம் சாட்சியம் கேட்டார். மற்ற பதினான்கு பேரிடமும் கருத்தைக் கேட்டார். யாரிடம் அனுபவம் கேட்கிறோம், யாரிடம் வாதம் கேட்கிறோம் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ஒரு அய்யரிடமோ ரெட்டியிடமோ 'உங்கள் சொந்த அனுபவத்தில் மேல்சாதியாக வளர்வது எப்படி இருந்தது, சொல்லுங்கள்' என்று எந்தச் செமினாரிலாவது கேட்டிருக்கிறார்களா? சாதியால் ஆதாயம் பெற்ற அனுபவமும் அனுபவம்தானே. அது பாடப்பொருளாக மேசைக்கு வருவதே இல்லை.

இந்த இடத்தில் நமக்கு எதிராக ஒரு வாதம் வரும். அம்பேத்கரும் தனியாகத்தானே போனார், செமினாரில் பேசவில்லையா? பேசினார். அதையும் பார்ப்போம், நமக்குத் தெரியாத கதை இல்லை.

1916 மே 9. கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசரின் மானுடவியல் செமினார். 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசிக்கிறார். அந்த மேசையில் நம்மவர் அவர் ஒருவர்தான். ஆனால் அங்கே என்ன பேசினார் என்று பாருங்கள். அகமணம்தான் சாதியின் அச்சாணி என்று நிறுவினார். ஆண் பெண் எண்ணிக்கை சமன் குலையும்போது அதைக் கட்டுக்குள் வைக்கவே சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று காட்டினார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று அதுவரை சாதி பற்றி எழுதியவர்களை வரிசையாக எடுத்து அவர்கள் எங்கே தவறினார்கள் என்று சொன்னார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் தார்தின் கோட்பாட்டைக் கையிலெடுத்து, சாதி எப்படிப் போலச்செய்தல் வழியாகப் பரவியது என்று விளக்கினார். பள்ளியில் தான் தனியாகச் சாக்குத் துணி விரித்து உட்கார்ந்ததைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அது அவரிடம் இல்லாமலா? சுமார் இருபது ஆண்டு கழித்து, தானே முடிவு செய்து, தன் நினைவுக் குறிப்பில் அதை எழுதினார்.

ஆகவே அம்பேத்கரைக் காட்டி நம் பிள்ளையைப் 'பேசு' என்று அதட்டுகிறவர்கள் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்கூட்டியே தெரிந்த தேதி இருந்தது, தானே எடுத்துக்கொண்ட பொருள் இருந்தது, எழுதி வைத்த தாள் கையில் இருந்தது, முடிக்கும்வரை குறுக்கிடாத அவை இருந்தது. கோட்பாட்டாளராகப் பேசினார். இந்த நான்கையும் எங்கள் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மதிப்பெண் போடுங்கள்.

பங்கேற்பு மதிப்பெண் என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். சமூகவியல் படித்த தோழர்களுக்கு பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் பாடத்தில் வந்திருக்கும். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதன் பச்சையான பொருள் இதுதான்: சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு அரசியல் வாதாடி வளர்ந்த பிள்ளைக்கு, பெரியவர் பேசும்போது குறுக்கிட்டால் முதுகில் விழும் என்று வளர்ந்த பிள்ளையைவிடப் பங்கேற்பில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். நம் தெருவில் பேசத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. குழாயடியில் வந்து கேட்டுப் பாருங்கள். ஆனால் ஊர்த்தெருவில், கடையில், அலுவலகத்தில், பள்ளியில், பதில் மட்டும் சொல்லு, கேள்வி கேட்காதே என்று தலைமுறைகளாகப் பழக்கியிருக்கிறார்கள். வாயை மூடு என்று அடித்துப் பழக்கிய சமூகமே இப்போது வாயைத் திறக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் முந்தைய தலைமுறையைக் காப்பாற்றியது எது என்று யோசித்தால், பெருமளவுக்கு, பெயர் தெரியாத விடைத்தாள்தான். பொதுத்தேர்வில் முகப்புச் சீட்டைக் கிழித்தெடுத்து, வேறொரு எண் போட்டு, எங்கோ ஓர் ஊரில் யாரோ திருத்துகிறார். அவருக்கு எழுதியவரின் முகம் தெரியாது, தெரு தெரியாது. ஆயிரம் குறையுள்ள தேர்வு முறைதான். மனப்பாடத்தை வளர்க்கிறது, சிந்தனையைக் கொல்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கண்மூடித்தனத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. முகம் பார்த்து மதிப்பெண் போடும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி சுக்தேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் சாதி எப்படி உள்ளே வருகிறது என்று மாணவர்கள் அங்கே சொல்லியிருக்கிறார்கள். செமினாரில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அப்படி முகம் பார்த்துப் போடப்படுகிறது. மறுகூட்டல் கிடையாது, மறுமதிப்பீடு கிடையாது. ஒரு மனிதரின் நினைவும் மனப்பதிவும்தான் விடைத்தாள்.

'அமெரிக்காவில் எல்லாம் இப்படித்தான்' என்று சொல்கிறவர்களுக்கு அமெரிக்காவின் மீதிக் கதையும் தெரிய வேண்டும். ஒரு வகுப்பில் ஒடுக்கப்பட்ட இனத்திலிருந்து ஒன்றிரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்கள் தங்கள் இனத்துக்கே பேச்சாளராக்கப்படுவார்கள், ஒதுங்கிப் போவார்கள், ஆகவே போதிய திரளாக அவர்கள் இருக்க வேண்டும் என்ற வாதத்தை மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 2003இல் குரூட்டர் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்றது. போசே அறக்கட்டளை என்ற அமைப்பு 1989 முதல் நகரத்து ஏழைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவராக அனுப்பாமல், பத்துப் பேர் கொண்ட குழுவாக ஒரே கல்லூரிக்கு அனுப்புகிறது. தன் கூட்டாளிகள் கூட இருந்திருந்தால் படிப்பை விட்டிருக்க மாட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னதிலிருந்து பிறந்த யோசனை என்கிறார்கள். அவ்வளவு எளிய யோசனை.

பிறகு 2023 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்த புதிய மாணவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக விழுந்தது. எல்லோரும் கட்டாயம் முதலாண்டு செமினார் படிக்கிற கல்லூரி அது. 3 சதவீதத்தைப் பதினைந்தால் பெருக்கிப் பாருங்கள், அரை ஆள்கூட வராது. மேசை அப்படியே இருக்கிறது, வட்டமும் அப்படியே இருக்கிறது.

நம் நாட்டில் இதைச் சரிசெய்யச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2005இல் நிறைவேறிய 93ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 15(5) சேர்ந்தது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்கள் தவிர மற்ற தனியார் கல்வி நிறுவனங்களில், அரசு உதவி பெறாதவை உட்பட, இடஒதுக்கீடு கொண்டுவர அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2014இல் பிரமாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆனால் ஒன்றிய அரசு 2006இல் கொண்டுவந்த சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியாருக்கான ஒன்றியச் சட்டம் இன்றுவரை இல்லை. அங்கங்கே சில மாநிலச் சட்டங்களில் துண்டு துக்காணியாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன நிலைக்குழுவும் 15 சதவீதம், 7.5 சதவீதம், 27 சதவீதம் என்று தனியாரிலும் ஒதுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அதிகாரம் கையில் வந்து இருபது ஆண்டாகிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

அதுவரை உதவித்தொகைதானே நம்பிக்கை என்பீர்கள். உதவித்தொகை கருணை. இந்த ஆண்டு கொடுக்கலாம், அடுத்த ஆண்டு நிறுத்தலாம். இடஒதுக்கீடு உரிமை. உதவித்தொகையில் போன பெண் பேராசிரியரிடம் மதிப்பெண் பற்றிக் கேட்கவே பயப்படுகிறார். 'இவ்வளவு கொடுத்தும் குறை சொல்றியே' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அந்தப் பயம் இருக்கிறது.

நம் தோழர்கள் சிலர் வேறு பக்கத்திலிருந்து எங்களோடு சண்டை போடுகிறார்கள். பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு மைதானம் அது, அங்கே ஒருத்திக்கு 9 மதிப்பெண் வந்ததற்கு இவ்வளவு எழுத்தா, அரசுக் கல்லூரியில் வாத்தியாரே இல்லை, அதைப் பேசுங்கள் என்கிறார்கள். கோபம் நியாயம்தான். கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வண்டி ஓடுகிற கல்லூரிகளில் நாங்களும் படித்தோம். ஆனால் அரசுக் கல்லூரிக்கு நிரந்தர ஆசிரியர் கேட்கும்போது எதற்காகக் கேட்கிறோம்? எழுபது பேருக்குக் குறிப்பு சொல்லி எழுத வைக்கவா? முதலாண்டில் ஒரே ஒரு பாடத்தையாவது பதினைந்து பேர் கொண்ட வகுப்பாகப் பிரித்து நடத்தச் சொல்லிக் கேட்போம். அறுபது பேர் வகுப்புக்கு நான்கு பிரிவு, நான்கு ஆசிரியர். அங்கே நம் பிள்ளைகள் ஒருவராக இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் பட்டியல் சாதிக்கு 18 சதவீத இடம் இருக்கிறது, பதினைந்துக்கு இரண்டு மூன்று பேர் நிச்சயம். விவாதம் தமிழில் நடக்கும். பத்து லட்சம் கொடுத்தால்தான் ஒரு பிள்ளையின் பெயரை ஆசிரியர் தெரிந்துகொள்வார் என்பதை நாம் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் சேரிகளில் ஓடுகிற அம்பேத்கர் படிப்பு வட்டங்கள் எல்லாம் செமினார்தான். ஒரு சிமெண்ட் திண்ணை, ஒரு புத்தகம், பத்துப் பன்னிரண்டு பேர், யாருக்கும் மதிப்பெண் இல்லை. சென்னை ஐஐடியில் மாணவர்களே நடத்திய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் ரத்து செய்ததும், நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பில் ஜூனில் திருப்பிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விவாதத்தை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் உயர்கல்வி, நாமே ஏற்பாடு செய்த விவாதத்தை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறோம். அன்று இரவு எங்களில் இருவர் அவரோடு இரண்டு மணி வரை பேசினோம். மறுநாள் அவரே பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில், அவர் எழுதியபடியே, நாங்கள் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. மூன்று விஷயம் கேட்டிருந்தார். விவாதம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரும் தாளில் எழுதட்டும், அப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் பேசட்டும். பங்கேற்பு என்பதில் எழுதிக் கொடுத்த கேள்விகளையும் சேருங்கள். என் அனுபவத்தை நானாகச் சொல்லும்வரை கேட்காதீர்கள். கூடவே பைக்குள் கிடந்த அந்த இரண்டு பக்கக் குறிப்பையும் இணைத்தார்.

பேராசிரியர் மூன்று நாள் கழித்துப் பதில் எழுதினார். மன்னிப்புக் கேட்டிருந்தார். அடுத்த பருவத்தில் அவர் நடத்தும் வகுப்பில் முதல் இரண்டையும் செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். அந்த 9, பதினாறாக மாறியது. உதவித்தொகை தப்பித்தது. இதைக் கல்லூரி முழுக்க விதியாக்கச் சொல்லி அந்தப் பெண்ணும் வேறு சில மாணவர்களும் நிர்வாகத்திடம் மனு கொடுத்தார்கள். மதிப்பெண் போடுவது அந்தந்த ஆசிரியரின் சுதந்திரம் என்று ஒரு வரிப் பதில் வந்தது.

உங்களில் யாராவது இப்படி ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தால், உங்கள் பாடத்திட்டத்தில் பங்கேற்புக்கு எத்தனை மதிப்பெண், அதை எதை வைத்துப் போடுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், பெயர் போட வேண்டாம். சேர்த்து வைக்கிறோம். நாளை மனுவோ வழக்கோ போட அது வேண்டும்.

இந்த ஆண்டு எங்கள் படிப்பகத்திலிருந்து இன்னும் இரண்டு பேருக்கு, ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும், அதே கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் இருவரையும் ஒரே செமினார் வகுப்பில் போடுங்கள் என்று கேட்டு ஜூன் முதல் வாரம் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். இன்னும் பதில் இல்லை. வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்குகின்றன.